மேல இருக்கார்

"உனக்கு ஆம்பளைங்கள அதட்டத் தெரியுமா?"

நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய என்னிடம் சித்தி கேட்ட முதல் கேள்வி அது.

"எந்த ஆம்பளைய?"

"மேஸ்திரிய. இடிச்சுக் கட்டித் தர்றேன்னு ஒத்துக்கிட்டு ஆளையே காணோம்."

சித்தி துணி தைப்பவள். தெருவுக்கு டெய்லரம்மா. கழுத்தில் எப்போதும் அளவு நாடா, பேசும்போது உதட்டோரத்தில் குண்டூசி. சட்டை இறுக்குகிறது என்று வருபவரிடம், "சட்டைய பிரிக்கணுமா, இல்ல ஒரு மாசம் நடந்துட்டு வர்றீங்களா?" என்று கேட்பாள். அப்படியும் கூட்டம் குறையாது. சித்தப்பா இறந்தபின், இருந்த வீட்டை விட்டு, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இந்தத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்தாள். கீழே ஒரே அறை. அதில் தையல் மெஷின், வெட்டும் மேஜை, கட்டில். வெளிப்புறப் படியில் ஏறினால் மாடியில் இன்னோர் அறை. அதன் கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. விரிசல் சுவர் வழியாகக் கீழே இறங்கி, மெஷினுக்கு நேர் மேலே வந்து நின்றிருந்தது. மழைக்கு முன் மாடியை இடித்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே இடிந்து அவள் தலையிலும் பிழைப்பிலும் விழும்.

மேஸ்திரி விரிசலைப் பார்த்து, அளவெடுக்கப் படியேறி இறங்கி, ஒரு வண்டி மணலைக் கொட்டிவிட்டுப் போனவர்தான். தெருப் பூனைகளுக்கு வசதியாகப் போயிற்று.

நான் ஃபோன் செய்தேன். கம்பி வளைக்கிறவருக்குக் காய்ச்சல் என்றார். அப்புறம் மச்சான் வீட்டில் துக்கம். அப்புறம் ஜல்லி வரவில்லை. என்ன சொன்னாலும் கடைசியில் ஒரே பேச்சில் வந்து நிற்பார்.

"மேல காலி ஆகட்டும் பாப்பா. அன்னைக்கே கை வச்சிடறேன்."

"மேல ஒரு துரும்புகூட இல்லடி," என்று சித்தி கத்துவாள். "நாம ரெண்டு பேருமா பீரோவயே எறக்கிட்டோம். இன்னும் எத காலி பண்றதாம்? சுவத்தையா?"

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை பெய்தது. நூல்கண்டு எடுக்கச் சித்தி எழுந்த நேரம், அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல்மேல் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு மேஸ்திரியைத் தேடிப் போனேன்.

வேறொரு கட்டடத்தில் நூல் பிடித்துச் சுவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அதட்டலை நான் ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திட்டு, வாங்கிக்கறேன். ஆனா ஒடம்புக்கு முடியாத மனுஷன் படுத்திருக்கற எடத்துல எப்படிம்மா கடப்பாறைய போடறது? மேல காலி ஆகட்டும்னு எத்தன தடவ சொல்லிட்டேன். வாய்விட்டு 'ஐயாவ எறக்குங்க'ன்னா மரியாதையாவா இருக்கும்? அதுக்குத்தான் காய்ச்சல், துக்கம்னு ஏதோ சாக்கு சொன்னேன்."

"எந்த ஐயா?"

"இது என்ன கேள்வி? ஒங்க சித்தப்பாதான். மொத நாளே அம்மா சொன்னாங்களே, 'அவர் மேல இருக்கார்'னு. அப்புறம் அளவெடுக்க ஏறினப்போ கதவு சாத்தியிருந்துச்சு. வெளியவே நின்னு, 'ஐயா, ஆரம்பிக்கலாமா?'ன்னு கேட்டேன். இருமினார். கொஞ்ச நாள் போகட்டும்ங்கற மாதிரி ஒரு இருமல். சரின்னு எறங்கிட்டேன்."

சித்தப்பா அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. "காலைல வீட்டுக்கு வாங்க, சித்தி பேசுவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மேஸ்திரி சொன்னதைச் சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பின்ன என்னடி சொல்லச் சொல்ற? குடிவந்த அன்னைக்கு கேஸ்காரன் உள்ள எட்டிப் பாத்து, 'தனியாவா இருக்கீங்க?'ன்னான். 'அவர் மேல இருக்கார்'னேன். அப்புறம் கரண்டுக்காரன், தண்ணிக்காரன், எல்லாருக்கும் அதான். பொய்யா சொன்னேன்? மேலதானே இருக்கார்?"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. தைத்த சட்டை ஒன்றை மாடிக் கொடியில் காயப்போட்டு வைப்பாள். சாயங்காலம் ரேடியோவை மேலே கொண்டுபோய்ப் பேசவிடுவாள். படியடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் திருப்பி வைப்பாள்.

"சில நாள் வேல மும்முரத்துல மறந்துடுவேன்," என்றாள், துணியைப் பார்த்தபடி. "அன்னைக்கும் திரும்பித்தான் இருக்கும்."

"இருமல்?"

"நான் இருமல." கத்தரி நின்றிருந்தது. "வந்த புதுசுல பயந்தேன். இப்போ அது கேக்காத அன்னைக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

"மேஸ்திரிகிட்ட உண்மைய சொல்லிடு சித்தி. இல்லன்னா அவர் கை வைக்க மாட்டார்."

"சொன்னா மேல ஆளில்லன்னு தெருவுக்கே தெரிஞ்சுடும். நீ இன்னைக்கு இருப்ப, நாளைக்கு பையத் தூக்கிடுவ. அப்புறம் யார நம்பி நான் இங்க தூங்கறது?"

விரிசலிலிருந்து பொடி உதிர்ந்து மெஷின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைத்தாள். மறுபடி விழுந்தது.

காலையில் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். நல்ல வெயில். சித்தி வாசல்படியில் நின்றாள்.

"மேஸ்திரி, அவர் இல்ல."

"அட, வெளிய போயிருக்காரா? நடமாட ஆரம்பிச்சிட்டாரா! எப்ப வருவார்?"

"வெளிய இல்ல. மேல போய்ட்டார்."

"அதாம்மா, மேலதான் இருக்கார்னு தெரியுமே. கீழ எப்ப வருவார்னு கேக்கறேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனேன், கையை உயர்த்தித் தடுத்தாள். போய்ட்டார், விட்டுட்டுப் போய்ட்டார், இப்போ இல்ல என்று எத்தனையோ விதமாக அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டதில்லை.

"செத்துட்டார். இந்த வீட்டுக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டார்."

ஆட்களில் ஒருவர் கடப்பாறையைச் சத்தம் வராமல் தரையில் கிடத்தினார். மேஸ்திரி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ நான் பேசினது?"

சித்தி படியடியில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"சாக்கு சொல்றேன்னு நெனைக்காதீங்கம்மா," என்றார் கடைசியில். "நீங்களே போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க. சொல்லாம என்னால கை வைக்க முடியாது."

சித்தி படியேறினாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். சொற்கள் பிடிபடவில்லை. வாடிக்கையாளருக்கு அளவு சொல்வதுபோல நிதானமாகத்தான் பேசினாள். நடுவில் நிறுத்தினாள், எதிராளி பேசி முடிக்கும் நேரம் அளவுக்கு. மறுபடி பேசினாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

இறங்கி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கதவைத் திறந்தே விட்டிருந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று மேஸ்திரி தொண்டைக்குள் கேட்டார்.

"ஏறுங்க."

ஏறினார்கள். சித்தியை வெளியே இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு நிழலில் நின்றேன். முதல் அடி விழுந்தது. புழுதி கிளம்பியது. அவள் மாடியைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் எங்கள் வாசலிலிருந்து கிளம்பி, நடக்கிற வேகத்தில், ஆளில்லாத தெருவின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன.

"எங்க சித்தி பாக்கற?"

"வெயில்ல போறார்," என்றாள்.