கழுதைகளுக்காகப் பூட்டிய கதவு

தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுக்கும் எங்கள் ஆலைக்கு ஒரு தீப் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்று கடிதம் வந்தபோது முதலாளி சுற்றிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். பதவி அப்படித்தான் கிடைத்தது.

புத்தளம் டவுனில் ஒரு நாள் பயிற்சி. நடத்தியவர் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்று ஊருக்குள் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்ற, விளங்கிய பாதிக்கும் விளங்காத பாதிக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினேன். தேநீரோடு தந்த, மீன் அடைத்த மாலு பாண் நன்றாக இருந்தது. சான்றிதழை லேமினேட் செய்து மேசைக்கு மேலே மாட்டினேன். புதிதாக வந்த தீயணைக்கும் சிலிண்டரில் தூசி படும் என்று, பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிறகு படிவம். எங்கெங்கே என்ன ஆபத்து என்று ஆலை முழுக்க நடந்து பார்த்து நிரப்ப வேண்டியது. நான் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்தபடியே நிரப்பினேன். 'அவசர வழி திறந்திருக்கிறதா?' ஓம். 'ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் யார்?' எவருமில்லை. கையெழுத்துக்கு மட்டும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவசர வழி என்பது பின்கதவு. அதற்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டு வைத்திருந்தவனே நான்தான். எங்கள் பக்கம் கழுதைகளை யாரும் கட்டி வைப்பதில்லை. வெயில் ஏறினால் அந்தக் கதவால் நுழைந்து, காய்ந்த தும்பின்மேல் சொகுசாகப் படுத்துவிடும். கதவோரம் தும்பை அமுக்கிப் பொதி கட்டும் இயந்திரத்தில், நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் வேலை செய்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டியபோது, சிறு பிள்ளையாக இங்கே கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தவர். அவர் இரண்டு தடவை கேட்டார்.

"தம்பி, அந்தக் கதவத் திறந்து வைங்களேன். ஏதும் நடந்தா நான் எங்கால ஓடுற?"

"ஒண்டும் நடக்காது ராத்தா. நான் பயிற்சி எடுத்தவன்."

தீ ஒத்திகை நாள் வந்தது. புகையைக் கண்டால்தான் சனம் நம்பும் என்று பழைய பெயின்ற் வாளியொன்றில் ஈரத் தும்பைக் கொளுத்தி முன்வாசலில் வைத்தேன். விசிலை ஊதினேன். ஒருவரும் அசையவில்லை. விசில் நான் கழுதை விரட்ட தினமும் ஊதுவது. புகையோ, வீட்டுக்கு வீடு பின்னேரத்தில் கடிக்கிற நுளம்பை விரட்டத் தேங்காய் மட்டையில் போடுவது. "சேர் எங்களுக்காக நுளம்புக்குப் புகை போடுறார்" என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள்.

தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தேன். எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. இயந்திரச் சத்தத்தில் ராத்தாவுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. பொறுப்பாளர் என்ற மிடுக்கோடு உள்ளே போனேன். அவரிடம் போய்ச் சேர்வதற்குள் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாளியைப் புரட்டிவிட்டது. வாசலில் கிடந்த காய்ந்த தும்பு சடசடவென்று பற்றிக்கொண்டது.

இருவரும் பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு. சாவி அலுமாரிக்குள், பொலித்தீன் போர்த்திய சிலிண்டருக்குப் பக்கத்தில். அலுமாரி நெருப்புக்கு அந்தப் பக்கம். பயிற்சியில் படித்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை, "உம்மா" என்று பெற்ற தாயை மட்டும் கூப்பிட்டுக் கத்தினேன். ராத்தா பொதி இழுக்கும் இரும்புக் கொக்கியைப் பூட்டு வளையத்துக்குள் கொடுத்து, காலைக் கதவில் ஊன்றி இழுத்தார். நாலாவது இழுவையில் ஆணிகள் கழன்று வந்தன. வெளியே நிழலில் நின்ற மூன்று கழுதைகள் என்னைத்தான் பார்த்தன.

முன்பக்க நெருப்பை மற்றப் பெண்கள் மட்டை ஊறப்போடும் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அணைத்திருந்தார்கள். யாருக்கும் காயமில்லை.

இருமல் அடங்கியதும் ராத்தா கேட்டார். "தம்பி, நீங்க நிரப்பின ஃபோர்ம்ல இந்தக் கதவுக்கு என்ன போட்டீங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. திறந்திருக்கிறது என்று போட்டதைச் சொன்னேன். ஆபத்து எவருக்குமில்லை என்று எழுதியதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க உள்ளுக்கு நிண்டது அஞ்சு நிமிஷம். நான் ஏழு வருஷமா நிக்கிறன்" என்றார்.

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் படிவத்தை நடந்து திரிந்து நிரப்பினேன். இப்போது காலையில் ஆலை திறந்ததும் என் முதல் வேலை, பின்கதவைக் கீலிலிருந்தே கழற்றிச் சுவரில் சாத்தி வைப்பது. பிறகு நாள் முழுக்கக் கழுதை விரட்டுவது. முதலாளி கேட்டால் பாதுகாப்பு நடவடிக்கை என்கிறேன்.

ராத்தா இயந்திரத்தைப் போடுமுன், கதவே இல்லாத அந்த வாசலால் தினமும் ஒருமுறை வெளியே போய், திரும்பி உள்ளே வருகிறார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.