எஸ்தர் அக்கா ஓரத்தில் எழுதியவை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் தலைமை ஆய்வாளர் மூலம் வந்ததே எனக்கு முதல் எரிச்சல். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று போட்டு, கும்பிடும் கை எமோஜி இரண்டும் வைத்திருந்தார். அக்காவை வேலையை விட்டு அனுப்பிய புண்ணியவானும் இவரேதான்.

கர்ப்பக் காலத்தில் புகையிலை போடும் பெண்களின் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. அக்கா கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, ஹெப்பகோடியில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவார். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். ஒரே ஒரு நாள் அவரோடு போயிருக்கிறேன். கார்மெண்ட்ஸில் தைக்கிற பெண், ஏழு மாதம். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பேனாவை மூடினார்.

"அத்த வுடும்மா. எதுக்குப் போடுற, அத்தச் சொல்லு."

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்க்கா. சூப்பர்வைசர் வுட மாட்டான். ஹொகேசொப்புப் பொகையில வாயில அடக்கிக்கினா பசி, தாகம் ரெண்டும் தெரியாது."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அக்கா ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டார். எல்லாப் படிவங்களிலும் அப்படித்தான். "ஓரத்துல இருக்கறது டேட்டா இல்ல, விட்டுடுங்க" என்றார் தலைமை ஆய்வாளர். விட்டுவிட்டேன். அக்கா என் மேசைக்கு வந்து, "கட்டத்துல பொகையிலதாம்மா கீது. பொம்பளைங்க ஓரத்துலதான் கீறாங்க" என்றார். வேலை போய்விடுமே என்று கேட்காதவள் போல் இருந்தேன்.

குழந்தைகள் எடை குறைந்து பிறப்பது உண்மைதான், அக்காவும் அதை மறுத்ததில்லை. ஆனால் ஆய்வு வெளிவந்தபோது, காரணம் என்ற இடத்தில் 'தாய்மாரின் அறியாமை, அலட்சியம்' என்று இருந்தது. அதையே போஸ்டராக அடித்து அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டினார்கள். அந்தத் தையல் பெண்ணை மாமியார் அதன் முன்னால் இழுத்து வந்து நிறுத்தி, இளைத்த பிள்ளையைக் காட்டித் தெருவே கேட்கத் திட்டியிருக்கிறாள். மறுநாள் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னத எங்கக்கா போட்ட?" என்று கேட்டாள்.

அதே கேள்வியை அக்கா தலைமை ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். நாளை முதல் வர வேண்டாம் என்பதுதான் பதில். பக்கத்து மேசையில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷனை எவ்வளவு வெறுக்கிறேனோ, அதில் பாதியாவது எனக்கும் சேர வேண்டும்.

அக்கா வேலையை விட்டுப் போன பிறகு, சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து அந்த ஓரக் குறிப்புகளை ஒன்று விடாமல், பெயரும் விலாசமும் நீக்கித் தட்டச்சு செய்தேன். அக்காவிடம் போனில் சொன்னேன். அவர் ஒன்றும் உருகிவிடவில்லை.

"லேட்டா வந்த புத்தி."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிக்கறது கர்த்தரு வேல. எனக்கு வேற வேல கீது. எல்லார் எதுருலயும் அந்தாளு காதுல அத்தப் போடணும்."

அதற்குள் நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

அக்காவோடு வெயிலில் அலைந்தவர்களே, சனிக்கிழமை இரங்கல் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். அவருடைய பொறுமையை நான் வைத்துக்கொள்ளவில்லை, அது அவரிடமும் இருந்ததில்லை. வைத்துக்கொண்டது கோபத்தை மட்டும்தான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைமை ஆய்வாளர் எல்லோரையும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனமாக இருக்கச் சொல்வார். அப்போதுதான் நான் வாசிக்க ஆரம்பிப்பேன்.