கல்யாணக் காரை நான் கழுவினேன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வந்து நின்ற வாடகைக் காரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மன்னாரிலிருந்து எங்கள் ஊர் உயிலங்குளம் வரை கிடந்த புழுதி முழுவதும் அதன் மேல்தான். ஐயா சொன்னபடி அண்ணன் ஈரத்துணியால் வெளியே துடைத்துவிட்டான். எனக்கு அது போதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கடற்கரைப் பள்ளிமுனை ஆட்கள், எங்களைக் 'காட்டுப்பக்கத்தார்' என்று ஏற்கெனவே நக்கலடித்திருந்தார்கள்.

விடியற்காலையில், காரோட்டி வந்த முஸ்லிம் றைவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், தொழப் போன நேரம் பார்த்து, கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கி வந்தேன். காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்தால் உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. கரிச்சட்டி கழுவுகிற மாதிரி நாலு வாளி ஊற்றி, மூடிவிட்டுக் குளிக்கப் போனேன். கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் விபூதிப் புதன். தபசு காலம் தொடங்கிவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை கோவிலில் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைக்கோ தலைமன்னார்க் கந்தோரில் வெள்ளைக்காரத் துரை கொடுத்தது இரண்டே நாள் லீவு. ஐயாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முழுமனதில்லை. கடற்கரைக்குப் பெண் கொடுப்பதா என்று மாதக்கணக்கில் முறுகிக்கொண்டு நின்றவர். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், நிறுத்திவிடுவார். அன்று பள்ளிமுனைக் கோவில் எட்டு மணிப் பூசைக்குப் போய்ச் சேராவிட்டால் என் கல்யாணம் போச்சு.

அம்மாவும் மற்றப் பெண்களும் முதல் நாளே வண்டிலில் போய்விட்டார்கள். காரில் பின்னால் ஐயாவும் நானும், முன்னால் நானாவும் அண்ணனும். அண்ணன்தான் எனக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டியவன். பூசையில் நன்மை, அதுதான் சுவாமி நாக்கில் வைக்கிற திவ்விய அப்பம், எடுப்பதற்காக நடுச்சாமத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் இருந்தேன். நாக்கு வறண்டது.

கார் கிளம்பவே ஒரு பாடு பட்டது. வயல்வெளி தாண்டியதும் நானா வேகம் கூட்டினார். கார் உதறியது. காலைத் தளர்த்தினார், ஒருமாதிரி ஓடியது. மறுபடி அமத்தினார், குளிர் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. என் தலையிலிருந்த நெற் முக்காடு சரிந்து மூக்கில் விழுந்தது.

"என்ன காணும் இது?" என்றார் ஐயா.

"மெதுவாப் போனா ஓடுது, அமத்தினா உதறுது ஐயா. ஒண்டில் பெற்றோல் வரேல்லை, இல்லாட்டி நெருப்பு வரேல்லை. பாப்பம்."

நிறுத்திவிட்டு இறங்கினார். பெற்றோல் வருகிற குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். பூட்டி ஓட்டினார். நூறு யார் தூரம்கூடப் போகவில்லை, மறுபடி அதே உதறல். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த செபமாலையை முறுக்கி முறுக்கி ஒரு கண்ணியை அறுத்துவிட்டேன். மணிக்கூடு பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஐயாவின் மணிக்கூட்டையே பார்த்தேன்.

நானா இரண்டாந்தரம் இறங்கினார். என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒன்றைக் கழற்றியபோது சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. "இதுக்கு நெருப்பே போகேல்லை" என்றார். என்ஜினை நிற்பாட்டி, வயர்கள் எல்லாம் வந்து சேருகிற கறுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

"அல்லாவே! ஆர் இதுக்குள்ள தண்ணி ஊத்தினது?"

ஐயா அண்ணனைப் பார்த்தார். "உன்னையல்லோ காரைத் துடைக்கச் சொன்னனான்?"

அண்ணன் என்னை ஒருதரம் பார்த்தான், அவ்வளவுதான். நான் என்று சொன்னால் ஐயா காரை வீட்டுக்குத் திருப்பச் சொல்வார், அதிலே எனக்குச் சந்தேகமே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

துடைக்கக் காய்ந்த துணி கேட்டார் நானா. அண்ணன் தன் புதுச் சால்வையை உருவிக் கொடுத்தான். நானா மூடியின் உட்புறத்தையும் வயர்களையும் ஒற்றி எடுத்து, வெயிலில் சற்று நேரம் காயவைத்து, பூட்டினார். என்ஜின் ஒரே சீராகப் பாடியது. அண்ணன் சால்வையைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறப் போனான்.

"நீ வரவேண்டாம்," என்றார் ஐயா. "குடும்பத்தை நாறடிச்சது காணும். வீட்டை நடந்து போ. சாட்சிக்கு வேறை ஆளைப் பிடிப்பம்."

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். வாயைத் திற, திற என்று உள்ளுக்குள் கத்தினேன். கார் புறப்பட்டது. நானா காலை அமத்தினார். கார் உதறவே இல்லை. அந்தப் பாழாய்ப்போன கார் கொஞ்சம் உதறியிருக்கக் கூடாதா?

மன்னார்ப் பாலம் கடந்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாலி ஏறியது. நன்மை கொடுக்கப் பூசை வைத்த சுவாமி என் முன்னால் வந்து நின்றார். முதல் நாள்தான் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். இந்தப் பாவம் அதற்குப் பிறகு வந்தது; இதைச் சுமந்துகொண்டு நன்மை எடுக்கக் கூடாது. நான் உதட்டைத் திறக்கவில்லை. சுவாமி ஒரு நொடி நின்று, அடுத்தவரிடம் போனார். முதுகுக்குப் பின்னால் கோவில் முழுவதும் குசுகுசுத்தது. மணப்பெண் நன்மை எடுக்கவில்லை என்றால் பள்ளிமுனை என்ன நினைக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "ஏன் எடுக்கேல்லை? எனக்காவது சொல்லும்."

சொன்னேன். ஐயாவும் மாமியும் ஊரும் கேட்கவே சொன்னேன். "காருக்குத் தண்ணி ஊத்தினது நான். அண்ணையைத் தெருவில விட்டதும் நான்தான்." ஐயா தெருவைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனைக் கூட்டிவர நானா யாரையும் கேட்காமல் காரடிக்கு ஓடினார்.

அதற்குள் அண்ணன் கோவில் வாசலுக்கு வந்துவிட்டான். வீட்டுக்குப் போகவில்லை, கல்யாணத்துக்கே நடந்து வந்திருக்கிறான். முழங்கால்வரை புழுதி. தோளில் அந்தச் சால்வை கறுத்துப்போய்க் கிடந்தது. நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் ஊத்தினனான் அண்ணை" என்றேன்.

"தெரியும். வாளியோட நிண்டதைப் பாத்தனான்."

கையை உதறவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

"பாலம் வரைக்கும் கார் திரும்பி வரும் எண்டு பாத்துக்கொண்டு வந்தனான்," என்றான். "பிறகு பாக்கேல்லை."