சேலை மாற்றிய பிறகு வருகிற அம்மா

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. பக்கத்து வீட்டு அத்தை ஆனைமலைக் கோயிலுக்குப் போய்விட்டார்.
2. அம்மா, தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்.
3. கடைக்குள் நான் வழி தவறினேன்.
4. ஒலிபெருக்கியில் என்னைப் பற்றி அறிவித்தார்கள்.
5. அம்மா கீழே இறங்கி வந்தார்.
6. இவர் என் அம்மா இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஆறாவதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விருந்தாளி வந்தால் காபி ஆறுவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்கு நான் எண் போடவில்லை. அது எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. கணபதி என்கிற பகுதியில் குடியிருந்தோம். அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு முறை என்னை அங்கே கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். சூடான இரும்புச் சுருள் ஒன்று தெறித்து என் காலில் விழுந்தது. அதன் பிறகு பட்டறை எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளி விடுமுறை நாட்களில் பக்கத்து வீட்டு அத்தைதான் பார்த்துக்கொள்வார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடையில் யாருக்கும் வார விடுமுறை கிடையாது. அந்த நேரம் பார்த்து அத்தை கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

பணியாளர்கள் குழந்தைகளைக் கூட்டி வரக் கூடாது என்பது கடையின் சட்டம். போட்டவர் மேனேஜர். மெலிந்த, சிரிக்காத மனிதர். அவர் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டாலே மேலே மூன்று மாடியிலும் சேலை மடிப்பது வேகமாகும் என்று அம்மா சொல்வார். மீறியவர்களுக்கு அன்றோடு வேலை இல்லை. ஆகவே பேருந்து நிறுத்தத்தில் எனக்கு ஒத்திகை நடந்தது.

"கடைக்குள்ள நான் உனக்கு ஆரு?"

"அக்கா."

"ஆராச்சும் வந்து, இவங்க உங்கம்மாவான்னு கேட்டா?"

"இல்லீங்க, அக்காங்கன்னு சொல்லோணும்."

"நானே வந்து கேட்டா?"

"அப்பவும் அக்காதான்."

"எது வரைக்கும்?"

"நீங்க கடைச் சேலைய மாத்தற வரைக்கும்."

கடைச் சேலை என்பது சீருடை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. தோளில் பெயர்ப்பட்டை குத்தியிருக்கும். அம்மா அதைக் கடைக்குப் போய்த்தான் கட்டிக்கொள்வார். மாலையில் கழற்றி வைத்துவிட்டு ஊதாப்பூப் போட்ட தன் சேலையில் வீட்டுக்கு வருவார். ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. அரக்குச் சேலை என்றால் அக்கா, ஊதாப்பூச் சேலை என்றால் அம்மா. இதைவிடச் சுலபமான விதியை அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் பாடத்திலும் பார்க்கவில்லை.

காவலாளி வருவதற்கு முன்பே பின்படி வழியாக மூன்றாம் மாடிக்குப் போய்விட்டோம். சேலைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு கிடங்கு. காலி அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னல் இல்லை. எனக்குப் புளிச்சோறும் கலர் பென்சில்களும் கொடுத்து ஒரு பெட்டியின் மறைவில் உட்கார வைத்தார். பக்கத்துப் பெட்டிக்குள் ஏற்கனவே ஒரு பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பிளவுஸ் துணிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரின் குழந்தை, நடை பழகும் வயது. "இதும் ஆருகிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு" என்று அம்மா சொன்னார். நான் தலையாட்டினேன்.

மதியம் வரை எல்லாம் சரியாக நடந்தது. பிறகு எனக்கு ஒன்றுக்கு வந்தது. கழிப்பறையைத் தேடி வெளியே வந்தவள், அதுவரை பார்த்தேயிராத ஒன்றைப் பார்த்தேன். தானாக நகர்ந்து இறங்கும் படிக்கட்டு. வந்த காரியமே மறந்துவிட்டது. ஒன்றில் இறங்கி, இன்னொன்றில் இறங்கி, மூன்றாவதிலும் இறங்கி, தரைத்தளத்தில் குழந்தைகள் துணிப் பிரிவில் போய் நின்றேன். அங்கே என் உயரத்தில் ஒரு பொம்மை, ஜரிகை வைத்த பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. நானும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"ஏனுங், இந்தப் பாப்பா ரொம்ப நேரமாத் தனியா நிக்குதுங்க" என்று துணி எடுக்க வந்த ஒரு பெண் குரல் கொடுத்தார்.

அடுத்த நிமிடம் மேனேஜர் வந்துவிட்டார்.

முந்தைய தீபாவளிக்கு இதே கடையில், கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை, அம்மா என்று சொல்லி வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட இருந்தார்களாம். உண்மையான அம்மா கடைசி நொடியில் ஓடி வந்திருக்கிறார். அதிலிருந்து மேனேஜர் இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். தனியாக நிற்கும் குழந்தையைக் கடை பார்த்துக்கொள்ளும். குழந்தை தன் வாயால் சொல்லாமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அவர் ஒழுங்காகவே கடைப்பிடித்தார் என்று சொல்ல வேண்டும். வாசலில் பை சோதிக்கும் காவலாளிப் பெண்ணை அழைத்து, முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பிறகு நாற்காலி போட்டார். கன்னத்தைக் கிள்ள வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிஸ்கட் வேண்டுமா என்று என்னையே கேட்டார்.

"ஆருகூட வந்தீங்க கண்ணு?"

"அக்காகூட."

"அக்கா எங்க இருக்காங்க?"

"சேலைல."

அக்காவும் தங்கையுமாகச் சேலை எடுக்க வந்திருக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கி அறிவித்தது. பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். சம்பந்தப்பட்டவர்கள் தரைத்தளத்துக்கு வரவும். இன்று பீளமேட்டில் கடைகளுக்கான மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காணாமல் போன குழந்தைக்கான வழிமுறையில், அடையாளங்களை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது என்று நாங்களே எழுதியிருக்கிறோம். கேட்கிற எவரும் அதைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம். அன்றைக்கு என் செருப்பின் நிறம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார்கள். யாரும் வரவில்லை. நான் பிஸ்கட்டின் கிரீமை மட்டும் நக்கித் தின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை அறிவித்தார்கள். அப்போதுதான் அம்மா படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, கவுண்டர உட்டுப்போட்டு இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"இது என்ற புள்ளைங்க சார்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, இவங்க ஆரு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அரக்குச் சேலை. தோளில் பெயர்ப்பட்டை மட்டும் இல்லை. ஊக்கு குத்தியிருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருந்தது. ஐயோ, எங்கேயோ தொலைத்துவிட்டார், திட்டு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். மற்றபடி சந்தேகத்துக்கு இடமில்லை.

"அக்கா" என்றேன்.

"அம்மணி, அம்மான்னு சொல்லு சாமி. பரவால்ல, இப்பச் சொல்லலாம்" என்றார் அம்மா.

ஒத்திகையில் இதுவும் வந்திருந்தது. நானே வந்து கேட்டா? நான் ஏமாறுவேனா? "அக்காதான்" என்று இன்னும் அழுத்திச் சொன்னேன்.

கூட்டம் சுறுசுறுப்பானது. "அதான் புள்ள இல்லீங்குதே!" என்றார் ஒருவர். "மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா, மூக்கு அப்படியே உரிச்சு வெச்சிருக்குது" என்றார் இன்னொருவர். "மூக்க வெச்செல்லாம் புள்ளையக் குடுக்க முடியுமாங்க?" என்றார் மூன்றாமவர், கையில் ஜட்டிப் பாக்கெட்டோடு.

"சார், இத்தன வருசமா இங்க வேல செய்யறேன். என்னையத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"உன்னையத் தெரியும்மா. நீ இந்தப் பாப்பாவுக்கு அம்மான்னுதான் தெரியாது" என்றார் மேனேஜர். "புள்ள சொல்லாம நான் குடுக்க முடியாது. சட்டம் சட்டந்தான்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பேர் கேட்டும் நான் சொல்லவில்லையே.

காவலாளிப் பெண்தான் என் நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டார். "ஏன் அம்மணி, அப்ப உங்கம்மா எப்ப வருவாங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. "சேலை மாத்துனதுக்கப்புறம்" என்றேன்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் சீருடையைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், இவங்கள மேல அனுப்பி ஊட்டுச் சேலையக் கட்டிட்டு வரச் சொல்லுங்க."

அம்மா போனார். நகரும் படியில் ஊதாப்பூச் சேலை முதலில் காலாக, பிறகு இடுப்பாக, பிறகு முகமாக இறங்கி வந்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்து, "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஜட்டிப் பாக்கெட் வைத்திருந்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அம்மா சொல்வார். அதை நான் முழுதாக நம்பவில்லை.

மேனேஜர் நீளமாக மூச்சு விட்டார். என் விவகாரம் அதோடு முடிந்திருக்கும், அம்மாவின் வேலை மட்டும்தான் பாக்கி. ஆனால் எனக்கு என் சாதனையை அம்மாவிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

"நான் ஆருகிட்டயும் சொல்லலீங்கம்மா. பொட்டிக்குள்ள தூங்கற பாப்பாவும் சொல்லல."

அம்மா என் வாயைப் பொத்தியபோது வாக்கியம் முடிந்துவிட்டிருந்தது.

மேனேஜர் படியேறினார். இந்த முறை செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கன்னம் முழுக்க அட்டையின் வரிவரியான தடம் பதிந்திருந்தது. பின்னாலேயே பிளவுஸ் பிரிவுப் பெண் அழுதுகொண்டே ஓடி வந்தார்.

"அந்தக் கிடங்குல சன்னல்கூட இல்ல" என்றார் மேனேஜர், யாரிடமென்று தெரியாமல். "ஒரு பெட்டி சரிஞ்சு உழுந்திருந்தா?"

தூங்கும் குழந்தையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி மைக்கைக் கையில் வாங்கினார். தள்ளுபடி அறிவிப்பும் பச்சைப் பாவாடையும் மட்டுமே அதுவரை ஒலித்திருந்த அந்தக் கருவியில் அவர் குரல் கரகரத்தது. "நம்ம கடைல வேலை செய்யறவங்க ஆராச்சும் குழந்தைகளக் கூட்டிட்டு வந்திருந்தா, நாலாவது மாடிச் சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டு வாங்க. ஆரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேலையும் போகாது. குழந்தைக பொட்டிக்குள்ள இருக்க வேண்டாம்."

துணி எடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியும் கேட்டார். "நல்லதுங்க, ரொம்ப நல்லதுங்க" என்று பில் போட நின்றிருந்த ஒரு பெரியம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு முதலாளி வேறு என்னதான் சொல்ல முடியும்? அவரும் கும்பிட்டார்.

முதலில் யாரும் ஹாலுக்கு வரவில்லை. பொறி என்று நினைத்திருப்பார்கள். அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பிளவுஸ் பிரிவுப் பெண் பாப்பாவோடு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதிர்பாராத விதமாக, வேட்டிப் பிரிவு அண்ணன் ஒருவர் தன் மகளோடு தயங்கித் தயங்கி வந்து நின்றார். பாய் விரித்தார்கள். மின்விசிறி இருந்தது, ஜன்னல் இருந்தது. காவலாளிப் பெண்ணை எங்களோடு உட்கார வைத்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக எனக்குக் கிடைத்த பரிசு இதெல்லாம் என்று நான் நம்பினேன். மற்ற குழந்தைகளிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அலுவலகத்தில், காணாமல் போன குழந்தைக்கான அந்த வழிமுறையைச் சோதித்தோம். 'அழைக்க வந்தவரைக் குழந்தை மறுத்தால்' என்று ஒரு நிலையைச் சேர்க்கச் சொன்னேன். அப்படியெல்லாம் நடக்குமா என்று சிரித்தார்கள். அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன், முதல் அறிவிப்புக்கே ஏன் வரவில்லை என்று.

"ஒரு கல்யாணப் பட்டுச் சேலைய விரிச்சுக் காட்டிட்டு இருந்தேன். மடிச்சு வெச்சுட்டு வர வேண்டாமா?" என்றார்.

"பெயர்ப்பட்டை எங்கே போச்சு?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நறுக்கியதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "மடிச்ச சேலை மேலயே கழட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன். அப்பறம் அதைக் குடுன்னு ஆரும் வந்து கேக்க வேண்டாம் பாரு."

வேலையை மேலே விட்டுவிட்டுத்தான் அவர் கீழே இறங்கியிருக்கிறார். அப்படி வந்து நின்றவரைத்தான் நான் அக்கா என்றேன்.

இப்போதைய நிலைமை இது. அம்மா அதே கடையில், அதே மூன்றாம் மாடியில் இருக்கிறார். சாப்பாட்டு ஹாலில் பாதியைத் தடுத்துக் குழந்தைகளுக்கு அறையாக்கியிருக்கிறார்கள். முதலில் தீபாவளிக்கு மட்டும் இருந்தது. இப்போது எல்லா நாளும் உண்டு. விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி வருவதற்கு அரசு சட்டம் போட வேண்டியிருந்தது; அதுவும் வந்துவிட்டது. கிடங்கில் பெட்டிகள் மட்டுமே இருக்கின்றன.