மோட்டார் மாட்டிய உயரம்

வீரபாண்டியில் எங்கள் லைன் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றால் நூல் மூட்டை இறங்கும், இல்லையென்றால் பனியன் பெட்டி ஏறும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சாக்கு சுற்றிய படகு மோட்டார் ஒன்று இறங்கியது. வேடிக்கை பார்க்க வரிசையே கூடிவிட்டது. இங்கே எங்கீங்க கடல் இருக்குது என்று அப்பாவைக் கேட்டுச் சிரித்தார்கள். கொங்கு நாட்டில் கேலியும் மரியாதையோடுதான் வரும்.

அப்பா தென்கடலோரத்தில் பிறந்தவர். மீன்பாடு படுத்துப்போனதும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பாவின் விரல்கள் சாய மருந்தில் வெந்து தோலுரிந்திருக்கும். குழம்பின் காரம் பட்டால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். இருமல் வேறு. இனி அந்தத் தொட்டிப் பக்கம் போனால் ஆள் தேறமாட்டார் என்று அம்மா பயந்துகொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் பெரியப்பா தொழிலை விட்டுவிட்டுத் தன் பழைய மண்ணெண்ணெய் மோட்டாரை அனுப்பிவைத்தார். பட்டறைகளை ஒட்டி ஓடும் ஆற்றில் கிழக்கே புதிதாகக் கட்டிய அணையில் மீன் குத்தகை எடுத்தவர், மோட்டார் படகு ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். படகு அவருடையது, மோட்டார் எங்களுடையது, ஓட்டிக் காட்டினால் வேலை நிச்சயம். அப்பா அன்றே பட்டறையில் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவர் விசில் அடித்து நான் கேட்டது அந்த வாரத்தில்தான்.

மோட்டார் மாட்டுவதில் உயரம்தான் எல்லாம் என்பார் அப்பா. உயர்த்தி மாட்டினால் விசிறி தண்ணீரோடு காற்றையும் இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும். மோட்டார் அலறும், படகு நகராது. தாழ்த்தி மாட்டினால் படகு இழுபடும், பின்பக்கம் தண்ணீர் ஏறும். விசிறிக்கு மேலே ஒரு தகடு உண்டு. அது படகின் அடிமட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். கடலில் அலை தூக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார்கள். அணையில் ஏது அலை என்று அப்பா அடிமட்டத்துக்கே சரியாக வைத்து, பின்பலகையில் கட்டை அடித்து மாட்டினார். பின்னால் பாரம் கூடியதால் முன்னால் ஆள் வேண்டியிருந்தது. அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், நான் உட்கார்ந்தேன்.

எனக்குப் பள்ளி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம். ரேஷன் மண்ணெண்ணெய் மொத்தமும் மோட்டாருக்குப் போனது. அம்மா பனியன் கழிவை எரித்துச் சமைத்தாள். அணையின் கரையோரமெல்லாம் நுரை குவிந்து கிடந்தது. எனக்கு அதில் கை விட்டு அளைவது கொண்டாட்டம். படகைத் தள்ளி, கயிற்றைச் சுண்டினால் மோட்டார் அலறும். படகு நின்ற இடத்திலேயே நடுங்கும்.

"ஏனுங்க, மோட்டார் இப்படிக் கத்துதுங்களே?" என்று குத்தகைக்காரர் கரையிலிருந்து கேட்டார்.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. உயரம் கூடிவிட்டது என்று சொல்லி, கட்டையைச் செதுக்கி ஒரு விரல் தாழ்த்தினார். மறுவாரமும் அலறல்தான். இன்னும் ஒரு விரல் தாழ்த்தினார். கடைசியில் கட்டையே இல்லாமல் போய், பின்பலகையையே வெட்ட வேண்டி வந்தது. தன் கையும் கண்ணும் தன்னை ஏமாற்றுகின்றன என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குத்தகைக்காரர் நல்ல மனிதர். அடுத்த ஞாயிறு கடைசியாகப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று தன்மையாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு படகு நகர்ந்தது. மோட்டார் முங்குகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தது, பின்பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்தது. இருந்தாலும் நுரையைக் கிழித்துக்கொண்டு போனோம். நான் கைதட்டினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் கருகல் நாற்றம் வந்து மோட்டார் இறுகி நின்றுவிட்டது. எத்தனை முறை சுண்டியும் கயிறு அசையவில்லை.

அப்பா மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தார். சூடு தணிய அது தண்ணீர் குடிக்கும் துளைக்குள் விரலை விட்டு நோண்டினார். ஈரப் பஞ்சு வந்தது. பனியன் துணியைச் சாயத்தில் அலசும்போது உதிருமே, அந்தப் பஞ்சு. நோண்ட நோண்டப் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நுரையை அள்ளி முகர்ந்தார். விரலிடுக்கில் அது வெறும் காற்றாக உடைந்துபோனது. படகைச் சுற்றி மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

"இந்தப் பச்சை எனக்குத் தெரியும் மக்கா. நான் கலக்குனது" என்றார்.

எங்கள் ஊர்ப் பஞ்சு இவ்வளவு தூரம் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மோட்டார் போய்விட்டதற்காக அழுகிறார் என்று நினைத்தேன். நானும் அழுதேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது குழாயடியில் பட்டறை மேஸ்திரி நின்றிருந்தார். அவரும் எங்கள் வரிசையில்தான் குடியிருந்தார். படகு ஓடியதா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"உசரம் தப்பா மாட்டிட்டேங்க. நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா?"

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அப்பா என் கையை வலிக்கும்படி இறுக்கினார். மேஸ்திரி வரச் சொன்னார். வாசலில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டாள்.

மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்பார்கள். எங்கள் வீட்டு மீனுக்குப் பழக்கத்தான் வேண்டும் போல என்று வரிசையில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். கடலோரத்தில் பிறந்தும் ஒரு மோட்டாரைச் சரியான உயரத்தில் மாட்டத் தெரியவில்லையே இவருக்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது.