பாக்கிங் ஷெட்டில் என் பெயர்

ஆண்டிமடத்து முந்திரிக் காட்டிலிருந்து சிமெண்ட் தூசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அரியலூரை நெருங்கும்போது பஸ் ஜன்னலில் ஆலையின் புகைபோக்கி தெரிந்தால், ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். ஆலை மூடிப் பல வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது அதை இடித்துவிட்டுக் கடைகளும் கல்யாண மண்டபமும் கட்டப்போகிறார்களாம். அதற்கு முன்னால் பழைய தொழிலாளர் குடும்பங்கள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியனுப்பினார்கள். முதல் ஆளாகப் போய் நின்றேன்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே மூட்டையில் சிமெண்ட் நிரப்பும் வேலையில் இருந்தார். நான் சாப்பாட்டு கேரியரை கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்புவதோடு சரி. வாட்ச்மேன் ஒரு எட்டு உள்ளே விடமாட்டார். இவரும் வீட்டில் வாயைத் திறந்து எதையும் சொல்கிற ஆளில்லை. என்னை ஒருநாள் கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார். மகள் பிறந்த பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கத்துவார், நான் போய் நிற்கவேண்டும். "எனக்கும் பேரு வச்சிருக்காங்க, தெரியுமில்ல?" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். சிரிப்பார், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் யார் என்று அந்த மனிதர் மனசில் இருந்ததா இல்லையா என்கிற வருத்தம் மட்டும் எனக்கு ஆறவேயில்லை. அவர் காலம் கழித்த இடத்தையாவது பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

உள்ளே எல்லாம் துருவும் புதருமாகக் கிடந்தது. கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்துக்கு என் காலத்தில் சாம்பல் நிற இலைதான். இப்போது வெட்கமில்லாமல் பச்சையாக நிற்கிறது. துணி காயப்போட்ட நாளெல்லாம் அந்தத் தூசியைத் திட்டித் தீர்த்தவள் நான். அன்றைக்கு அது இல்லாமல் ஊரே வெறிச்சென்று இருப்பது போலத் தோன்றியது.

பாக்கிங் ஷெட்டில், அவரோடு வேலை பார்த்த ஒருவர் நின்றிருந்தார். "யாரு வூடுங்க நீங்க?" என்று கேட்டார். புருஷன் பெயரைச் சொல்லி எனக்கும் வழக்கமில்லை. அதனால் என் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அவரு சம்சாரமா நீங்க! உங்க பேருதாங்க இங்க அவரு பேரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார்:

"அவரு பேருல இங்க ஏகப்பட்ட ஆளுங்க. மூஞ்சியெல்லாம் வேற சிமெண்ட் அப்பி வெள்ளையா இருக்குமா, யாரு எவருன்னே தெரியாது. உங்க கேரியர் மூடியில பேரு வெட்டியிருக்குமில்ல? சோறு எடுத்தாற ஆளு அதைப் படிச்சுத்தான் கூப்பிடுவான். அப்படியே நின்னுடுச்சுங்க. சொந்தப் பேரைச் சொன்னா திரும்பவே மாட்டாரு. உங்க பேரைச் சொன்னா, எத்தனை இரைச்சல்லயும் திரும்பிடுவாரு."

சீர்ப் பாத்திரம் ஒன்று விடாமல் என் முழுப் பெயரை வெட்டச் சொல்லி ஜெயங்கொண்டத்துக் கடையில் உட்கார்ந்தே இருந்தவர் என் அப்பா. அது இந்த வேலை பார்த்திருக்கிறது. கல்லுளிமங்கன்! என் பெயரை வைத்துக்கொண்டு ஆலை முழுக்க நடமாடிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்குத் தன்னையே கூப்பிடுகிற மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுதுவிட்டேன்.

எதிரில் நின்ற மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். பிறகு, "எப்படிக் கூப்பிடுவோம்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். காலியான ஷெட் முழுக்க அது எதிரொலித்தது.

என்னைக் கூப்பிட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. மூட்டை ஏற்றும் மேடைப் பக்கமே பார்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் திரும்புவார் என்று நின்றிருந்தேன்.