அக்கா வீட்டு வாசல் சரிவு

நகராட்சியில் கால்வாய் அடைப்பு எடுக்கும் வேலை. கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் உடும்பு. சிறுபாலத்தின் அடியில் தலையை விட்டால் அடைப்பை எடுக்காமல் வெளியே வரமாட்டான். பதினெட்டு வருஷத்தில் மெத்தை, சைக்கிள் சக்கரம், ஒருமுறை முழுசாக ஒரு கதவைக்கூட இழுத்துப் போட்டிருக்கிறான். "கதவு கிடைச்சாச்சு, இன்னும் தேடு, வீடும் கிடைக்கும்" என்றார் மேஸ்திரி.

அந்த வருஷம் மழைக்கு முந்தின வாரம், பள்ளத்தெருத் தண்ணீர் வெளியேறும் கால்வாய் தேங்கி நின்றது. நீளக் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே போனான். ஓரிடத்தில் 'டங்' என்றது. கெட்டிப்பட்ட சிமெண்ட். நிமிர்ந்து பார்த்தால் அக்கா வீட்டு வாசல்.

பக்கவாதம் வந்து கால் விளங்காமல் போன அத்தானின் சக்கர நாற்காலிக்காகப் போன மாதம்தான் கால்வாய்க்கு மேல் சரிவு போட்டிருந்தார்கள். மிஞ்சிய கலவையைக் கொத்தனார் உள்ளேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். சரிவை உடைக்காமல் அதை எடுக்க வழியே இல்லை.

"ஒன்றரை வருஷம் கழிச்சு இப்பதான்டா மனுஷன் தெருவைப் பாக்குறாரு" என்றாள் அக்கா. "கொத்தனாருக்கு இப்பவே போன் போட்டேன், அடுத்த வாரம் வந்து மாத்திக் கட்டித் தர்றேன்னு சொல்றாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கடா, தம்பி."

அம்மா போன பிறகு தாய்க்குத் தாயாக இருந்தவள். அவனால் மறுக்க முடியவில்லை. மேஸ்திரியிடம், "லைன் கிளியர்" என்றான். பள்ளத்தெருத் தையல்காரம்மா வாசலில் நின்று விசாரித்தபோதும், "பயப்படாதீங்க, தண்ணி ஓடிடும்" என்று சொல்லிவிட்டான். சொன்ன வாய் அன்று முழுவதும் கசந்தது.

மூன்றாம் நாள் காலையில் பிடித்த மழை மதியம் வரை விடவில்லை. அவன் ஓடி வந்தபோது பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். தையல்காரம்மாவை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவனைப் பார்த்ததும், "ஓடிடும்னியேப்பா" என்றாள்.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா சரிவின் மேல் வந்து நின்றுகொண்டாள்.

"என்னை அடிச்சுட்டு அப்புறம் இதை அடி."

உள்ளேயிருந்து அத்தானின் குழறிய குரல் கேட்டது. "அவனை விடுடி. டேய், இடப்பக்கம் அடி. அங்க கம்பி போடல."

அக்கா மெல்ல ஒதுங்கினாள். இருபதாவது அடியில் சரிவு பிளந்தது. மார்பளவு சேற்றில் இறங்கிக் கடப்பாரையால் கட்டியைப் பெயர்த்தான், நகங்கள் கிழிந்தன. கால்வாய் ஒரு பெருமூச்சு விட்டாற்போல் இழுக்கத் தொடங்கியது. இருட்டுமுன் தெருவில் சேறு மட்டும்தான் மிச்சம்.

உயிர்ச்சேதம் இல்லை. தையல் மிஷினும், தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகளும் போயின. மறுநாள் அவனே மேஸ்திரியிடம் போய் உண்மையைச் சொன்னான். "உன்னை நம்பித்தான்யா நான் எட்டிக்கூடப் பாக்கல" என்றார் அவர். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தையல்காரம்மா வீட்டுச் சேற்றை அள்ளப் போனான்; அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

கொத்தனார் இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் அவன் போய் அத்தானை முதுகில் சுமந்து, பலகை போட்ட பள்ளத்தைத் தாண்டித் தெருவில் உட்கார வைக்கிறான். அக்கா கதவைத் திறந்துவிடுகிறாள். பேசுவதில்லை.